நியூயார்க் – லண்டன்: ஒரே தூரம், இரு வேறு பயண நேரம் ஏன்?

விமான தூரம் என்றால், பூமி உருண்டையின் வளைவை ஒட்டி இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய பாதையின் நீளம். நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே அது சுமார் 5,550 கிலோமீட்டர். எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் அதேதான். ஆனால் லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரம். திரும்பி வர 7 மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும்.

காரணம் காற்று. தரையிலிருந்து 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது இன்னும் வலுக்கும். ஆற்றில் படகு போவது போலத்தான் இதுவும்: நீரோட்டத்தோடு போனால் சீக்கிரம் சேரலாம், எதிர்த்துப் போனால் தாமதமாகும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தை 200 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால், இருக்கைத் திரையில் 1,100 என்று காட்டும். எதிர்க்காற்றென்றால் 700தான். அதனால் மேற்கே போகும் விமானங்கள் இந்தக் காற்றைத் தவிர்க்கச் சற்றுச் சுற்றியே போவதுண்டு. 2020 பிப்ரவரியில் புயல் வீசிய நேரத்தில், ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து 5 மணி நேரத்துக்குள் லண்டன் வந்து சேர்ந்தது!

பயணச்சீட்டைப் பார்த்துக் கணக்கிடுபவர்கள் கவனிக்க: நியூயார்க்கில் இரவு 8 மணிக்குப் புறப்பட்டு லண்டனில் காலை 8 மணிக்கு இறங்கினால் அது 12 மணி நேரப் பயணமல்ல. லண்டன் கடிகாரம் பெரும்பாலும் 5 மணி நேரம் முந்தியது. பயணம் 7 மணி நேரம்தான்.

பூமி சுழல்வதால் இறங்கும் ஊர் விமானத்தை நோக்கி நகர்ந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பூமியோடு சேர்ந்து காற்றும் அதில் பறக்கும் விமானமும் சுழல்கின்றன.