கதைக்கூறுகள் மனப்பாடம், கதை மட்டும் பிடிபடவில்லை: எங்கிருந்து தொடங்கலாம்?

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் மகள் ஒன்பதாம் வகுப்பு. கதைக்கரு, கதைப்பின்னல், கதைமாந்தர், களம், நோக்குநிலை, முரண் எல்லாவற்றுக்கும் விளக்கம் மனப்பாடமாகச் சொல்கிறாள். ஒரு கதையைக் கொடுத்து இதில் முரண் எது என்று கேட்டால் விழிக்கிறாள். அடுத்த மாதம் பள்ளியில் சிறுகதைப் போட்டியும் இருக்கிறது. எதிலிருந்து சொல்லிக்கொடுப்பது?"

முரணிலிருந்து தொடங்குங்கள். கதைக்கருவை, அதாவது கதை சொல்ல வரும் கருத்தைத்தான் பாடத்தில் முதலில் வைப்பார்கள். ஆனால் படிக்கிற பிள்ளையின் கைக்குக் கடைசியாகச் சிக்குவது அதுதான். முரண் அப்படியில்லை. இரண்டே கேள்விகளில் கண்டுபிடித்துவிடலாம்: இந்தக் கதையில் யாருக்கு என்ன வேண்டும்? அதை எது தடுக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மற்ற கூறுகள் ஒவ்வொன்றாக அதோடு வந்து சேரும்.

ஓர் எடுத்துக்காட்டை நாமே உண்டாக்குவோம். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பள்ளிகொண்டா பக்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு தாத்தா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சின்ன வயதில் ஆறு ஓடிப் பார்த்தவர், இப்போது நடை தளர்ந்துவிட்டது. தண்ணீர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். மகனோ, வாசலைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு ஆம்பூர் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார். வீட்டில் மிச்சம் இருப்பது பன்னிரண்டு வயதுப் பேரன் கார்த்தியும் அவன் சைக்கிளும்.

இதில் அந்த அப்பாவை வண்டியோடு வீட்டில் இருக்கவைத்து, "வாங்கப்பா, போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்று சொல்லவைத்துப் பாருங்கள். ஆறு இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், கதை இருக்காது. தடுக்க ஒன்றும் இல்லையே.

முரண் எது என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளம் என்பார்கள், இல்லையென்றால் பாலத்தில் நிற்கும் போலீஸ் என்பார்கள். அது புற முரண், தவறில்லை. ஆனால் கதையைத் தாங்குவது கார்த்தியின் மனசுக்குள் இருக்கிறது: அப்பா சொன்ன சொல் ஒரு பக்கம், தாத்தாவின் ஆசை இன்னொரு பக்கம். அந்த அக முரணை ஒரு வரி சேர்த்து எழுதும் விடைக்கு மதிப்பே வேறு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அப்பாவைக் கெட்டவராக்கிவிடக் கூடாது. அவர் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால்தான் வாசகர் தவிப்பார். போட்டிக்கு வரும் கதைகளில் குடிகாரத் தகப்பன், கொடுமைக்கார முதலாளி என்று ஒருவரை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம் என்ன நடக்கும் என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடுகிறது.

கதைமாந்தரைப் பண்பு சொல்லி அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. "கார்த்தி அன்பானவன்" என்ற வரியால் ஒன்றும் நடக்காது. தாத்தாவை கேரியரில் உட்காரவைத்து, அவர் இடுப்பையும் தன் இடுப்பையும் ஒரே துண்டால் சேர்த்துக் கட்டிக்கொள்கிறான் என்று எழுதினால் அன்பும் தெரியும், பயமும் தெரியும். பேச்சும் இப்படித்தான். தாத்தா "என்னை அழைத்துச் செல்வாயா?" என்று கேட்டால் நம் ஊர்த் தாத்தா காணாமல் போய்விடுவார். "என்னக் கூட்டினு போடா" என்றுதான் கேட்பார். கதை சொல்பவர் தன் குரலில் சொல்லும் பகுதி எழுத்துத் தமிழில் இருக்கட்டும், மேற்கோள் குறிக்குள் வருவது பேச்சுத் தமிழாக இருக்கலாம். மதிப்பெண் குறையும் என்று பயப்பட வேண்டாம். இரண்டையும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்தால்தான் குழப்பம்.

களத்தைப் பிள்ளைகள் 'ஓர் அழகிய கிராமம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்த மொழி நம்முடையது. களம் வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: கதையைத் தூக்கி வேறு ஊரில், வேறு மாதத்தில் வைத்துப் பாருங்கள். நம் கதையை ஆண்டுதோறும் தண்ணீர் ஓடும் ஓர் ஆற்றங்கரைக்கு மாற்றினால் தாத்தாவின் ஆசைக்கு அவசரமே இல்லாமல் போகும். பாலாறு பல ஆண்டுகள் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு என்பதால்தான் இந்தக் கதை நடக்கிறது. பொழுதுக்கும் வேலை கொடுங்கள். கம்பெனி பஸ் ஆறரை மணிக்கு அப்பாவை ஊரில் இறக்கிவிடும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு கார்த்தி ஒவ்வொரு முறை வானத்தைப் பார்க்கும்போதும் நமக்குப் பதற்றம் ஏறும்.

நோக்குநிலை, அதாவது கதையை யார் பார்வையில் சொல்கிறோம் என்பதுதான் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம், கொஞ்சம் நின்று பார்க்கலாம். இதே கதையைக் கார்த்தி 'நான்' என்று சொன்னால், தாத்தா ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார் என்பது அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவனோடு சேர்ந்துதான் தெரிந்துகொள்வோம். தாத்தா சொன்னால் பழைய ஆறு வரும், அந்த ஆற்றில் குளித்தவர்கள் வருவார்கள், வெள்ளம் பின்னுக்குப் போய் நினைவு முன்னுக்கு வரும். அப்பா சொன்னாலோ கதையே தலைகீழ்: வேலை முடிந்து வருகிறார், கட்டில் காலி, சைக்கிளைக் காணோம், தூரத்தில் ஆற்றின் இரைச்சல். நடந்தது ஒன்றுதான், கதை மூன்று.

இதில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. கார்த்தி 'நான்' என்று சொல்லிக்கொண்டே வரும் கதையில் திடீரென்று "தாத்தா மனதுக்குள் அழுதார்" என்று ஒரு வரி வரும். கார்த்திக்கு அது எப்படித் தெரியும்? தாத்தா கண்ணைத் துடைத்ததை அவன் பார்க்கலாம், துண்டைப் பிடித்த கை நடுங்கியதை உணரலாம். அவ்வளவுதான் அவனால் சொல்ல முடியும். தமிழின் முதல் சிறுகதை என்று பலரும் குறிப்பிடும் வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் வெளியானது. அதைச் சொல்வது ஒரு மரம். யார் சொல்கிறார்கள் என்ற கேள்வி நம் சிறுகதையில் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது என்று மகளிடம் சொல்லுங்கள், சட்டென்று மனதில் நிற்கும்.

கதைப்பின்னலுக்கு வகுப்பில் கூம்பு போட்டு, தொடக்கம், வளர்ச்சி, உச்சம், இறக்கம், முடிவு என்று ஐந்து கட்டம் காட்டுவார்கள். அது குஸ்டாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர் 1863இல் ஐந்து அங்க நாடகங்களுக்காகச் சொன்னது. தேர்வுக்குத் தெரிந்திருக்கட்டும். சிறுகதை எழுதும்போது ஐந்துக்கும் சம இடம் கொடுத்தால் இழுவையாகிவிடும். இறக்கம் ஒரு வாக்கியத்தில் முடியலாம், இல்லாமலும் போகலாம். தொடக்கத்தையும் சூரியன் உதிப்பதிலிருந்து எழுத வேண்டாம். அப்பாவின் பஸ் கிளம்பிய நிமிஷத்தில் ஆரம்பிக்கலாம். உச்சம் என்பது பெரிய காட்சி வரும் இடம் என்று நினைக்கிறார்கள். திரும்பப் பெற முடியாத முடிவை ஒருவர் எடுக்கும் இடம் அது. பாலத்துக்கு முன்னால் தடுப்பு போட்டிருக்கிறார்கள், மணி ஆறு ஆகிறது, வீட்டுக்குத் திரும்புவதா, தென்னந்தோப்பு வழியாகச் சுற்றிப் போவதா? கார்த்தி கைப்பிடியைத் திருப்பும் அந்த இடம்தான் உச்சம். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் எழுதிய ஒரு விமர்சனத்தில், ஒரே அமர்வில் படித்துமுடிக்கும் கதை முழுக்க ஒரே உணர்வை நோக்கிப் போக வேண்டும் என்றார். அதன்படி பார்த்தால் கார்த்தியின் மாமா கல்யாணம், பள்ளித் தோழன், நாய்க்குட்டி எதற்கும் இதில் இடமில்லை.

இப்போது கதைக்கரு. "வெள்ளம்" என்று எழுதினால் அது பொருள் மட்டுமே. "நீரைச் சேமிப்போம்" என்றால் சுவரில் எழுதும் வாசகம். முரணின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள்: "முதியவர்களைப் பாதுகாக்கிறோம் என்று அவர்களுடைய ஆசைகளையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறோம்." பிறகு அதற்குக் கதையிலிருந்து இரண்டு இடங்களைச் சான்றாகக் காட்ட வேண்டும். சான்று கிடைக்கவில்லை என்றால் அந்தக் கதைக்கரு நாம் வெளியிலிருந்து ஒட்டியது. போட்டிக் கதையில் இந்த வாக்கியத்தைக் கடைசிப் பத்தியில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீதியை எதிர்பார்க்கும் நடுவர்கள் உண்டுதான். அவர்களும் கதையின் செயலில் அது தெரிந்தால் மகிழ்ச்சியாகவே ஏற்பார்கள்.

அடுத்த மாதம்தான் போட்டி என்பதால் நேரம் இருக்கிறது. முதல் வாரம் எழுத வேண்டாம். பாடநூலின் விரிவானத்தில் இருக்கும் ஒரு கதையை எடுத்து அந்த இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். அடுத்த வாரம் அதே கதையின் ஒரு பக்கத்தை வேறொரு கதைமாந்தர் சொல்வதுபோல மாற்றி எழுதட்டும். அதன் பிறகு குடியாத்தத்திலேயே, அவளுக்குத் தெரிந்த தெருவில், அவளுக்குத் தெரிந்த யாருக்காவது ஒன்று வேண்டியிருந்து கிடைக்காமல் போன சங்கதியை எடுத்து, ஊர்பேர் மாற்றி இரண்டு பக்கம் எழுதி உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். நீங்கள் திருத்த வேண்டாம். "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும் இடத்தில் மட்டும் கையைத் தூக்குங்கள். அந்த இடங்களை அவளே சரிசெய்த பிறகு தலைப்பு வைக்கச் சொல்லுங்கள்.