சர்வர் அட்மினிலிருந்து எஸ்ஏபி பேசிஸுக்கு: கதவு எந்தப் பக்கம்?

கேள்வி: ஏழு வருடமாக ஐடி அட்மின் வேலை. லினக்ஸ், விண்டோஸ் சர்வர், விஎம்வேர், பேக்கப் எல்லாம் அத்துப்படி. எஸ்ஏபி பேசிஸுக்கு, அதாவது நிறுவனங்களின் கணக்கு, கொள்முதல், விற்பனையை நடத்தும் எஸ்ஏபி மென்பொருளின் நிர்வாகத்துக்கு, மாற வேண்டும். ஆனால் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் மூன்று வருட எஸ்ஏபி அனுபவம் கேட்கிறார்கள். பயிற்சி நிலையத்தில் சேர்ந்து சான்றிதழ் வாங்கினால் வேலை கிடைக்குமா?

பதில்: சான்றிதழை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அதே சமயம், நீங்கள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கவும் இல்லை. எஸ்ஏபியை நிறுவுவது, ஓட்டுவது, பேட்ச் போடுவது, பேக்கப் எடுப்பது, இவைதான் பேசிஸ். எஸ்ஏபியின் ஹானா டேட்டாபேஸ் லினக்ஸில் மட்டும்தான் ஓடும். அதிலும் சூசே அல்லது ரெட் ஹேட். ஆக, பாதி வேலை உங்களுக்குப் பழகிய தரையில்தான் நடக்கிறது.

பிறகு ஏன் தயங்குகிறார்கள்? உங்களுக்குத் தெரியாததை நினைத்து அல்ல, உங்கள் கைப்பழக்கத்தை நினைத்துத்தான். ஹானாவின் லாக் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் அப்படியே நின்றுவிடும். ஒரு சர்வர் அட்மினின் கை என்ன செய்யும்? பழைய லாக் ஃபைல்களை அழிக்கும். ஆனால் இவை வெப் சர்வர் எழுதித் தள்ளும் லாக் அல்ல; முடிந்த பரிவர்த்தனைகளை மீட்பதற்கான பதிவுகள். கைவைத்தால் டேட்டாபேஸே எழாமல் போகலாம். பெரும்பாலும் லாக் பேக்கப் எங்கோ நின்றுபோனதுதான் மூல காரணம். அதைத் தேடிச் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று. "எஸ்ஏபி ரொம்ப ஸ்லோ" என்று புகார் வருகிறது. நீங்கள் டாப் கமாண்ட் அடிக்கிறீர்கள்: சிபியு சும்மா இருக்கிறது, மெமரியும் மீதி இருக்கிறது. "சர்வரில் பிரச்சினை இல்லை" என்று டிக்கெட்டை மூடிவிடுவீர்கள். பேசிஸ்காரர், எஸ்ஏபிக்குள் எந்த பிராசஸ் என்ன செய்கிறது என்று காட்டும் எஸ்எம்50 திரையைத் திறப்பார். பயனர்களின் வேலையைச் செய்யும் பத்து டயலாக் வொர்க் பிராசஸில் எட்டு 'பிரிவ்' நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும். சிலர் பத்து வருட டேட்டாவுக்கு ரிப்போர்ட் ஓட்டி, பொது மெமரியில் தங்கள் பங்கைத் தீர்த்து, அந்த பிராசஸ்களைத் தங்களுக்கென்றே பிடித்து வைத்திருப்பார்கள். மற்றவர்கள் எல்லாம் மிச்சமுள்ள இரண்டுக்காக வரிசையில். இந்தப் பார்வை வந்துவிட்டால் நீங்கள் பேசிஸ் ஆள்தான்.

சரி, உள்ளே நுழைவது எப்படி? உங்கள் நிறுவனத்திலேயே எஸ்ஏபி இருந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. பேசிஸ் அணிக்கு லினக்ஸ் பேட்ச், ஸ்டோரேஜ் என்று எப்படியும் உங்கள் உதவி தேவைப்படும். வாரக்கடைசியில் நிஜ வேலை ஓடும் ப்ரொடக்‌ஷனைக் குவாலிட்டி என்ற டெஸ்ட் சிஸ்டத்துக்குப் பிரதி எடுக்கும்போது கூடவே உட்காருங்கள். யாரும் விரும்பாத வேலை, ஆகவே மறுக்க மாட்டார்கள். பிரதி முடிந்ததும் முதலில் தானாக ஓடும் பேக்ரவுண்ட் ஜாப்களை ஏன் நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். நிறுத்தாவிட்டால் டெஸ்ட் சிஸ்டமே நிஜ சப்ளையருக்கு ஆர்டர் அனுப்பிவிடும்! இப்படி நாலைந்து முறை உட்கார்ந்தாலே ரெஸ்யூமேயில் பொய் இல்லாமல் எழுத விஷயம் சேர்ந்துவிடும்.

எஸ்ஏபி இல்லாத நிறுவனமா? எஸ்ஏபி சிஸ்டங்களைப் பராமரித்துத் தரும் நிறுவனங்களின் லினக்ஸ் அல்லது கிளவுட் அணியில் சேருங்கள். பேசிஸ் என்ற பெயர் இல்லாத பதவி என்று யோசிக்காதீர்கள். இரண்டு மேசை தள்ளித்தான் அந்த வேலை நடக்கிறது.

வீட்டில் பழக ஹானாவின் சிறிய பதிப்பான ஹானா எக்ஸ்பிரஸ் இருக்கிறது, 32 ஜிபி மெமரி வரை இலவசம். நிறுவுவதோடு நிறுத்தாதீர்கள். வேண்டுமென்றே லாக் டிஸ்க்கை நிரப்புங்கள், டேட்டாபேஸை உடையுங்கள், பேக்கப்பிலிருந்து நேற்று மதியம் மூன்று மணி நிலைக்குக் கொண்டுவாருங்கள். இன்டர்வியூவில் பேச இதைவிட நல்ல கதை கிடைக்காது.

காலமும் தோதாக இருக்கிறது. எஸ்ஏபியின் பழைய தலைமுறையான இசிசி 6.0-வில், மேம்பாட்டுத் தொகுப்பு 6 முதல் 8 வரை போட்டவற்றுக்கு வழக்கமான ஆதரவு 2027 கடைசியோடு முடிகிறது. தனிக் கட்டணம் கட்டினால் 2030 வரை. எனவே புதிய தலைமுறையான எஸ்/4 ஹானாவுக்கு மாறும் வேலை நிறைய இருக்கிறது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: 2021-இல் வந்த 'ரைஸ்' திட்டத்தில் சர்வர் பராமரிப்பை எஸ்ஏபியே எடுத்துக்கொள்கிறது. வெறும் நிறுவல், பேட்ச் மட்டும் தெரிந்தவருக்கு வாய்ப்பு குறையும். கிளவுட், பயனர் அனுமதிகள், பிற மென்பொருள்களுடன் இணைப்பு, இவற்றில் ஒன்றையாவது கூடவே பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தப் பயிற்சி நிலையம். பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: "ஓஎஸ் லாகின் தருவீர்களா, சிஸ்டத்தை நானே நிறுத்தி ஏற்றலாமா?" எல்லாருக்கும் பொதுவான ஒரு சிஸ்டத்தில் திரையைப் பார்க்க மட்டும் விடுவார்கள் என்றால் சேர வேண்டாம்.