பிராகில் ஒரே ஒரு பகல், இரண்டு பேர்: கேள்வி பதில்

செக் குடியரசின் தலைநகர் பிராகுக்கு ஜோடியாக வந்து ஒரு பகல் மட்டும் சுற்றப் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு, இங்கே குடியிருப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். விசா, விமான டிக்கெட் சமாச்சாரத்துக்கு மட்டும் வேறு ஆளைப் பிடியுங்கள்.

கேள்வி: அக்கா, புதுசாகக் கல்யாணமானவர்கள் நாங்கள். வியன்னாவில் தங்கிக்கொண்டு காலையில் பிராக் வந்து இரவு திரும்பலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

ரயிலில் வர நான்கு மணி நேரம், போக நான்கு மணி நேரம். அப்புறம் எதைப் பார்ப்பீர்கள்? முந்தின இரவே வந்து தங்கிவிடுங்கள், ஏனென்றால் இந்த ஊரின் அழகு காலை எட்டு மணிக்கு முன்னால்தான் முழுசாகக் கிடைக்கும். எழுந்ததும் நேராக சார்லஸ் பாலம். 516 மீட்டர் நீளம், இருபுறமும் சேர்த்து 30 சிலைகள். பேரரசர் நான்காம் சார்லஸ் 1357-இல் கட்டத் தொடங்கியது. 1357, ஒன்பதாம் தேதி, ஏழாம் மாதம், காலை 5:31 என்று முகூர்த்தம் குறித்து அடிக்கல் நாட்டினாராம். 1-3-5-7-9-7-5-3-1 என்று ஏறி இறங்கும் எண்வரிசைக்காக. உண்மையோ கதையோ, கேட்க நன்றாக இருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் அதே பாலத்தில் போட்டோ எடுத்தால் உங்கள் இரண்டு பேரைத் தவிர நாற்பது பேர் இருப்பார்கள்.

பாலத்தைக் கடந்தால் மாலா ஸ்ட்ரானா, கோட்டைக்குக் கீழே இருக்கும் பகுதி. அங்கே 22-ஆம் எண் டிராம் பிடித்து மேலே போய், பிராக் கோட்டை நிறுத்தத்தில் இறங்குங்கள். கோட்டையை முடித்துவிட்டு நடந்தே இறங்கலாம், மதியம் சாப்பாடு, அதன் பிறகு ஆற்றைத் திரும்பக் கடந்து பழைய நகரம். ஏறுவதற்கு டிராம், இறங்குவதற்குக் கால், இதுதான் என் திட்டம் மொத்தமும். ஜூனில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும், தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டும். டிசம்பரில் எட்டு மணிக்குத்தான் சூரியன் வரும், ஆனால் மாலை நான்கு மணிக்கு இருட்டிவிடும், அதற்கேற்ப பாதி இடங்களை வெட்டிவிடுங்கள்.

கேள்வி: நானும் என் கணவரும் அறுபதைத் தாண்டியவர்கள், எனக்கு முட்டி வலி. சமாளிக்க முடியுமாம்மா?

முடியும்மா. ஆனால் தரை முழுக்கக் கல் பாவியது, மெல்லிய செருப்பு வேண்டாம். கோட்டையிலிருந்து இறங்கும்போது பழைய படிக்கட்டு வழியாக வராமல், வந்த டிராமிலேயே திரும்பிவிடுங்கள். உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஆசை என்றால் பழைய நகர மன்றக் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது. டிராம் டிக்கெட்டை ஏறியவுடன் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்த மறக்காதீர்கள். பரிசோதகர்கள் சாதாரண உடையில்தான் வருவார்கள், "தெரியாது" என்றால் விடமாட்டார்கள்.

கேள்வி: கோட்டைக்கு டிக்கெட் வாங்கியே ஆக வேண்டுமா?

முற்றங்களில் நடக்கக் காசு வேண்டாம். ஆனால் அவ்வளவு தூரம் போய்விட்டு உள்ளே போகாமல் வராதீர்கள். புனித விட்டஸ் தேவாலயம் 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடிந்தது. உள்ளே ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வடிவமைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னலைத் தேடிப் பாருங்கள், அதன் அடியில் பணம் கொடுத்த ஸ்லாவியா வங்கியின் பெயர் இருக்கும், நம் ஊர்க் கோயில் டியூப் லைட்டில் 'உபயம்' எழுதியிருப்பது போல! அடுத்து பழைய அரண்மனை. 1618-இல் பேரரசரை எதிர்த்துக் கலகம் செய்தவர்கள் அவருடைய ஆட்கள் மூன்று பேரை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தது இங்கேதான். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள், முப்பதாண்டுப் போர் மட்டும் பிழைக்கவிடாமல் ஐரோப்பாவைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கலகத்தில் தோற்றவர்களில் 27 பேரை 1621-இல் பழைய நகரச் சதுக்கத்தில் கொன்றார்கள்; மதியம் அங்கே போகும்போது நகர மன்றத்துக்கு முன்னால் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருப்பதைப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் அதன் மேல் நின்றுகொண்டு நகர மன்றச் சுவரில் இருக்கும் வானியல் கடிகாரத்தைப் பார்க்க அண்ணாந்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனால் காலையில் தேவாலயத்தில் வழிபாடு நடக்கும், பார்வையாளர்களுக்கு மதியம்தான் திறப்பார்கள்.

கேள்வி: அந்தக் கடிகாரம் உண்மையிலேயே அவ்வளவு பெரிய விஷயமா?

1410-இல் வைத்தது, இன்றும் ஓடுகிறது, அது பெரிய விஷயம்தான். ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு மணியடிக்க, இயேசுவின் சீடர்களின் பொம்மைகள் வரிசையாக வந்து போகும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்காக இருபது நிமிடம் நெரிசலில் நிற்பது வீண் என்பேன். பொம்மைகளைவிட அந்த முகப்பு அருமை, சூரியன் எந்த ராசியில் இருக்கிறது என்று காட்டும். கூட்டம் கலைந்த பிறகு போய் நிதானமாகப் பாருங்கள். கூட்டத்தில் நின்றால் பர்ஸ் முன் பாக்கெட்டில் இருக்கட்டும்.

கேள்வி: பணம் யூரோவா? எங்கே மாற்றுவது?

யூரோ இல்லை, கொருனா. பெரும்பாலும் கார்டே போதும். ஏடிஎம்மில் "ரூபாயில் கணக்கிடலாமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், கொருனாவிலேயே எடுங்கள். ரேட் மோசமான மாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டீர்கள் என்றால், ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் ரத்து செய்யச் சட்டமே இருக்கிறது, 1000 யூரோ வரை.

கேள்வி: அவருக்கு பீர், எனக்கு காஃப்கா. சண்டை வராமல் எப்படி?

கோட்டைக்குள் பொற்சந்தில் 22-ஆம் எண் வீடு, 1916-17-இல் எழுத்தாளர் காஃப்கா உட்கார்ந்து எழுதியது. நாரோத்னி மெட்ரோ பக்கம் 42 அடுக்குகளாகச் சுழலும் அவருடைய பெரிய உலோகத் தலை. இரண்டும் வழியிலேயே முடிந்துவிடும். மீதி மாலை உங்களவரின் பீருக்கு.

கேள்வி: யூதர் பகுதிக்கு நேரம் ஒதுக்கலாமா? நாங்கள் வருவது சனிக்கிழமை.

சனிக்கிழமை மூடியிருக்கும். வேறு நாள் வருகிறவர்கள் வேறு எதையாவது விட்டுவிட்டு இதற்குப் போங்கள். பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் நாஜிகளிடம் உயிரிழந்த ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள், கையால் எழுதப்பட்டவை. பக்கத்தில் பழைய கல்லறைத் தோட்டம், இடம் போதாமல் ஒருவர் மேல் ஒருவராகப் புதைத்ததில் கற்கள் நெருக்கியடித்துச் சாய்ந்து நிற்கும். அங்கே செல்ஃபி வேண்டாம்.

கேள்வி: சுத்த சைவம் நாங்கள். பட்டினியா?

இல்லை. பொரித்த சீஸ் எல்லா உணவகத்திலும் கிடைக்கும், பழம் வைத்த இனிப்புக் கொழுக்கட்டையும் உண்டு. உருளைக்கிழங்கு சூப்பை நம்பாதீர்கள், இறைச்சி வடிசாறு சேர்த்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிராகுக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு! தமிழறிஞர் கமில் சுவலபில் இந்த ஊரில் 1927-இல் பிறந்தவர், இங்கே இருந்தே தமிழ் ஆராய்ந்தவர். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் உள்ளே வந்ததற்குப் பின் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வென்சஸ்லாஸ் சதுக்கத்தின் தலைமாட்டில் தேசிய அருங்காட்சியகம் நிற்கிறது, அதன் தூண்களில் அன்றைய துப்பாக்கிக் குண்டுத் தடங்களைப் புதுப்பித்தபோதும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். நேரமிருந்தால் அதுவரை நடந்து போய்ப் பாருங்கள்.

கேள்வி: தெருவெல்லாம் விற்கிற உருளை ரொட்டி, பாரம்பரியப் பலகாரமாமே?

திர்தெல்னிக்கைச் சொல்கிறீர்கள். பாட்டி காலத்துப் பலகாரம் என்று பலகை வைத்திருப்பார்கள், பிராகில் அப்படியெல்லாம் இல்லை, சுற்றுலாக் கூட்டத்தோடு வந்து பரவியது. உள்ளே ஐஸ்கிரீம் அடைத்தது இன்னும் புதுசு. குளிரில் சூடாகக் கிடைத்தால் ஒன்று வாங்கி இரண்டு பேரும் பிய்த்துத் தின்னுங்கள், ஆளுக்கொன்று வேண்டாம், திகட்டும்.