பேத்தையா, கிளாத்தியா?

வணக்கம்.

பவளத்திட்டில் முக்குளித்தபோது எடுத்த ஒரு மீனின் படத்தை இணைத்திருக்கிறேன். வெளிர் உடலில் நான்கு கரும்பட்டைகள், இடையில் பழுப்புப் புள்ளிகள். நான் பேத்தை (உடலை ஊதிக்கொள்ளும் பஃபர் மீன்) என்றேன். உடன் வந்தவர் கிளாத்தி (டிரிகர் மீன்) வகை என்கிறார். எப்படிப் பிரித்தறிவது? இந்தக் கூட்டமே நஞ்சுள்ளதுதானா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உடன் வந்தவருக்குத்தான் வெற்றி. படத்தில் இருப்பது பாராலூட்டரஸ் பிரியோனூரஸ். கிளாத்திகளுக்கு நெருங்கிய உறவான, அரம்போன்ற தோலுள்ள மீன். கேந்திகாஸ்டர் வேலன்டினி என்ற நச்சுப் பேத்தையின் வேஷத்தை அப்படியே போட்டுக்கொண்டு, வேட்டை மீன்களிடமிருந்து தப்பிக்கிறது.

நிறத்தை நம்பினால் ஏமாறுவீர்கள். துடுப்பைப் பாருங்கள். பேத்தையின் முதுகுத் துடுப்பு வாலுக்கருகே குட்டையாக நிற்கும்; கேந்திகாஸ்டரில் சுமார் 9 கதிர்கள் (துடுப்பைத் தாங்கும் குச்சிகள்) தான். உங்கள் மீனுக்கு 25-ஐத் தொடும் அளவு கதிர்கள், அடிப்பகுதி முதுகின் பின்பாதி நெடுகிலும் ஓடுகிறது. குதத்துடுப்பும் அப்படியே. கண்ணுக்கு மேலே ஒரு முள்ளும் உண்டு. மடக்கியே வைத்திருப்பதால் படங்களில் பெரும்பாலும் தெரியாது. அதனால் முள் காணவில்லை என்பதை மட்டும் வைத்துப் பேத்தை என்று முடிவுகட்ட வேண்டாம்.

அசல் கிளாத்திக்கு முதுகில் மூன்று முட்கள். முதல் முள் நிமிர்ந்ததும் இரண்டாவது அதன் அடியில் முட்டுக்கொடுத்துப் பூட்டிவிடும். பவளப் பொந்தில் நுழைந்து முள்ளை நிமிர்த்திக்கொண்டால் வெளியே இழுக்க முடியாது. முதல் முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை, இரண்டாவதை அழுத்தினால்தான் பூட்டு திறக்கும்.

வாயும் துப்புத் தரும். பேத்தைக்கு நான்கு பற்தகடுகள், முட்பேத்தைக்கு மேலும் கீழும் ஒன்றாக இரண்டு. கிளாத்திக்கோ உளிபோன்ற தனித்தனிப் பற்கள்.

நஞ்சு எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. பேத்தையில் உள்ள டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு பாக்டீரியாக்களில் தோன்றி, இரை வழியாக ஈரல், முட்டைப்பை, தோல் ஆகியவற்றில் சேர்கிறது. சமைத்தாலும் அழியாது, முறிமருந்தும் இல்லை. மூச்சுத்தசைகள் செயலிழக்கும்போது செயற்கை சுவாசம்தான் உயிரைக் காக்கும். இவற்றுக்கு உறவான, பெட்டிபோன்ற உடலுள்ள கடமாடு மீன் தோல்வழியே நஞ்சைக் கசியவிடும். மிரண்டால் தொட்டியிலுள்ள மற்ற மீன்களைக் கொன்றுவிடும், சில சமயம் தானும் சாகும். கிளாத்தியின் ஆபத்து வேறு: பவளத்திட்டில் வளர்ந்த பெரியவற்றின் இறைச்சியில் சிகுவாடெரா நஞ்சு சேர்ந்திருக்கலாம்.

படம் எடுப்பவருக்கு இரண்டு வார்த்தை. பேத்தையை ஊதவைத்துப் படம் பிடிக்காதீர்கள். அது இரைப்பையில் நீரை நிரப்பி ஊதுகிறது; நீருக்கு வெளியே தூக்கினால் காற்றை விழுங்கிவிடும், பிறகு வெளியேற்றத் திண்டாடும். 75 செ.மீ. வரை வளரும் டைட்டன் கிளாத்தி கூட்டைக் காக்கும்போது துரத்தினால் மேலே போகாதீர்கள். அதன் எல்லை மேலே விரியும் கூம்பு வடிவம். பக்கவாட்டில் நீந்தி, காற்துடுப்பை அதன் பக்கம் வைத்தபடி விலகுங்கள். கடித்தால் காற்துடுப்போடு போகட்டும்.