எந்தப் பலகை குட்டை?

அன்புள்ள ஐயா,

லீபிக்கின் பீப்பாயைப் பற்றி அண்மையில் படித்தேன். பலகைகள் சமமில்லாத பீப்பாயில், ஆகக் குட்டையான பலகையின் உயரம் வரைதான் தண்ணீர் நிற்குமாம். என் கதை எதுவும் மூன்று பக்கம் தாண்டுவதில்லை. மாதம் ஐந்து புத்தகம் படிக்கிறேன். மூன்று பயிற்சி வகுப்புகள் முடித்தாயிற்று. இரவு 12 மணி வரை படித்தாலும் காலை 4 மணிக்கு எழுந்து எழுத உட்கார்ந்துவிடுகிறேன். என் குட்டைப் பலகை எது? ஒழுக்கமா?

ர.

அன்புள்ள ர.,

ஒழுக்கம் உங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

அந்தப் பலகைகள் பயிருக்கு வேண்டிய சத்துகள்; ஆகக் குறைவாக உள்ள சத்துதான் விளைச்சலுக்கு எல்லை. இந்த விதியை முதலில் சொன்னவர் கார்ல் ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மானிய வேதியியலர், 1828-இல். பின்னால் வந்து பரப்பிய இன்னொரு வேதியியலர் லீபிக்கின் பெயர் ஒட்டிக்கொண்டது. அது கிடக்கட்டும். எனக்கு அந்தப் பீப்பாய்ப் படத்தின் மேல் ஒரு மனக்குறை உண்டு. பலகைகள் ஒன்றையொன்று தின்பதில்லை, சத்துகள் தின்னும்.

ஒரு ஹெக்டேர் நெல் எடுக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) நூறு கிலோ அளவில் இருக்கும், துத்தநாகமோ சில நூறு கிராம்தான். அந்தக் கொஞ்சம் கிடைக்காவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயிர் தேங்கிவிடும். துத்தநாகம் குறைந்த மண்ணில் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அள்ளிப் போட்டால் பற்றாக்குறை இன்னும் முற்றும். கைவசம் இருக்கும் உரத்தையே மேலும் மேலும் போடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். நானும் கதை வராத காலத்தில் கதை எழுதுவது எப்படி என்ற நூல்களாக வாங்கி அடுக்கியவன்தான்.

உங்கள் கடிதத்தில் பெருமையாகச் சொன்ன வரியையே திரும்பப் படியுங்கள். 12 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுகிறீர்கள். புத்தகம் கூடக்கூடத் தூக்கம் குறைந்திருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் முந்தைய இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய மூளை அங்கே களைத்துப்போகிறது என்பது என் ஊகம்.

ஊகம்தான், சோதியுங்கள். பதினைந்து நாள் 10 மணிக்கே படுங்கள். படிப்பு குறையட்டும், எழுதும் நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். புதிதாக வேறு எதையும் சேர்க்கவும் வேண்டாம். சேர்த்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நான் சொன்னது சரியென்றாலும் ஏழாம் பக்கத்தில் மறுபடி நிற்பீர்கள். 1905-இல் பிளாக்மன் என்ற தாவரவியலாளர் ஒளிச்சேர்க்கையில் கண்டது அதுதான்: மங்கிய ஒளியில் கரியமில வாயுவைக் கூட்டிப் பயனில்லை, ஒளியைக் கூட்டினால் வேகம் ஏறும், பிறகு வாயு போதாமல் நிற்கும்.

ஏழாம் பக்கத்திலிருந்து எழுதுங்கள்.