ஜோம்பீஸ்: பரிவா, பாட்டா?

அன்புள்ள ஐயா,

அறுபதுகளின் ஆங்கிலப் பாப் இசை பற்றிய உங்கள் குறிப்பில் ஜோம்பீஸ் குழுவைப் பீட்டில்ஸுக்குப் பக்கத்தில் வைத்திருந்தீர்கள். இரண்டே ஆல்பம், மூன்று ஹிட், அதற்குள் கலைந்துவிட்டார்கள். தோற்றுப்போனவர்கள் மேல் நமக்கு வரும் பரிவுதான் இந்தப் புகழுக்குக் காரணமோ?

– ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

பரிவு கொஞ்சம் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்காக யாரும் ஒரு ஆல்பத்தை ஐம்பது வருடம் திரும்பத் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்ப் பையன்கள் ஐந்து பேர். 1964இல் வந்த 'ஷீஸ் நாட் தேர்' அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. கிடார் கோலோச்சிய அந்தக் காலத்தில் ராட் ஆர்ஜென்ட்டின் எலக்ட்ரிக் பியானோதான் இவர்கள் பாட்டை நடத்தியது. அடுத்து வந்த சிங்கிள்களில் பெரும்பாலானவை எடுபடவில்லை.

1967இல், பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தை முடித்துக் கிளம்பிய கொஞ்ச நாளில், அதே ஆபி ரோடு ஸ்டூடியோவுக்குள் இவர்கள் நுழைந்தார்கள். ரெக்கார்ட் கம்பெனி கொடுத்தது ஆயிரம் பவுண்டுதான். அதனால் பாட்டுகளை முன்பே நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பீட்டில்ஸின் லெனான் விட்டுப்போன மெல்லோட்ரானையும் (பதிவு செய்த வாத்திய ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) எடுத்து வாசித்தார்கள். அப்படி உருவானதுதான் 'ஒடெஸி அண்ட் ஆரகிள்' ஆல்பம்.

அதன் முதல் பாட்டு 'கேர் ஆஃப் செல் 44'. துள்ளலான பியானோ, காலை வணக்கம் சொல்லி நலம் விசாரிக்கும் ஒரு காதல் கடிதம். கேட்டுக்கொண்டே போனால்தான் அது சிறையிலிருந்து விடுதலையாகப் போகிறவருக்கு எழுதிய கடிதம் என்று புரிகிறது. சோகத்தை ஒரு துளிகூடப் பிழியவில்லை. நடுவில் வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, குரல்கள் மட்டும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நிற்கும். காலின் பிளன்ஸ்டோனின் குரலில் காற்று கலந்த ஒரு மென்மை உண்டு. எனக்கு அந்தப் பத்தாண்டின் மிக அழகான ஆண்குரல் அதுதான்.

சரி, ஏன் கலைந்தார்கள்? ரசனைச் சண்டை காரணமில்லை, பணம்தான். பாட்டு எழுதிய ஆர்ஜென்ட்டுக்கும் கிறிஸ் ஒயிட்டுக்கும் ராயல்டி வந்தது. மற்ற மூவருக்கும் கச்சேரி வருமானம் மட்டும், அதுவும் வற்றிக்கொண்டிருந்தது. ஸ்டீரியோ மிக்ஸிங் செலவைக்கூட எழுதிய இருவரும் கைக்காசைப் போட்டுத்தான் சமாளித்தார்கள். 1968 ஏப்ரலில் ஆல்பம் கடைக்கு வந்தபோது குழுவே இல்லை. பிளன்ஸ்டோன் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டார்.

அமெரிக்காவில் ஆல் கூப்பர் என்ற இசைக்கலைஞர் விடாமல் வற்புறுத்தியதால்தான் கொலம்பியா ரெக்கார்ட் கம்பெனி அந்த ஆல்பத்தை அங்கே வெளியிட்டது. 1969இல் அதிலிருந்த 'டைம் ஆஃப் த சீசன்' பாட்டு அங்கே மூன்றாம் இடம் பிடித்தது. அசல் குழு கலைந்துவிட்டதால், ஊர் ஊராகப் போலி ஜோம்பீஸ்கள் கச்சேரி செய்தார்கள். அதில் ஒரு கோஷ்டியில் இருந்த இருவர் பிற்பாடு ஸீஸீ டாப் என்ற ராக் குழுவில் பேர் வாங்கினார்கள். அசல் குழுவோ, பெரிய பணம் காத்திருந்தும் திரும்பச் சேரவில்லை. ஆர்ஜென்ட் அதற்குள் தன் பெயரிலேயே புதுக் குழு தொடங்கியிருந்தார். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடிய இடம் இது.

2008இல் லண்டனில், உயிரோடு இருந்த நால்வரும் சேர்ந்து முழு ஆல்பத்தையும் முதன்முறையாக மேடையில் வாசித்தார்கள். கிடார் வாசித்த பால் அட்கின்சன் 2004இலேயே போய்விட்டார். 2019இல் ராக் இசைக்கலைஞர்களுக்கான கௌரவப் பட்டியலான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமிலும் குழுவைச் சேர்த்தார்கள்.

நீங்கள் ஹிட் பாட்டுகளை மட்டும்தான் கேட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாக, ஹெட்போனில் கேளுங்கள். அதற்குப் பிறகும் பரிவுதான் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.

அன்புடன்.