அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரியில் கலக்கும் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஜெயிப்பாரா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

உறுதியாகச் சொல்ல முடியாது. 1998 டிராஃப்டில் (அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) பெய்டன் மேனிங் முதலாவதாகவும் ரயன் லீஃப் இரண்டாவதாகவும் எடுக்கப்பட்டார்கள். இருவரில் யார் மேல் என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. மேனிங் இரண்டு சூப்பர் பவுல் (என்எஃப்எல் இறுதிப்போட்டி) வென்றார். லீஃப் சில வருடங்களிலேயே காணாமல் போனார். இத்தனைக்கும் முதல் வருடத்தில் மேனிங் எறிந்த பந்துகளில் 28 எதிரணி கையில் சிக்கின! அதனால் முதல் வருடத்தை வைத்தும் முடிவு கட்டாதீர்கள்.

கல்லூரியில் பந்தை வாங்குபவர் பல நேரம் தனியாக நிற்பார், பார்த்துவிட்டு எறியலாம். என்எஃப்எல்லில் அவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். அதனால் நான் கை பலத்தைவிடக் கண்ணையும் காலையும்தான் கவனிப்பேன். மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது), இன்னும் எட்டு யார்டு வேண்டும், முன்னால் தடுப்பு உடைகிறது. அப்போது பார்வை பாய்ந்து வருபவன் மேல் விழுகிறதா? இல்லை, ஓரடி நகர்ந்துகொண்டு, கண்ணைத் தூரத்திலேயே வைத்து, அடி விழும் என்று தெரிந்தும் எறிகிறாரா? இரண்டாவது ரகத்தை நம்பலாம்.

அப்புறம், எந்த அணி எடுக்கிறது என்பதும் முக்கியம். வயோமிங் பல்கலைக்கழகத்தில் ஆடியபோது ஜோஷ் ஆலன் எறிந்ததில் சுமார் 56 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது. அவரை எடுத்த என்எஃப்எல் அணியான பஃபலோ பில்ஸ் பொறுமையாக வளர்த்தது. 2020-இல், தன் மூன்றாவது சீசனில், 69 சதவீதத்தைத் தொட்டார்.